புத்தகம் சுமந்த ஊர்சுற்றி

1930ஆம் ஆண்டு. திபெத்திலிருந்து 22 கோவேறு கழுதைகள் சுமை ஏற்றிக்கொண்டு இந்தியாவை நோக்கி இறங்கி வந்தன. அந்தப் பாதையில் அந்நாளில் வழக்கமாக வந்த சரக்கு ஆட்டு ரோமம். இந்தக் கழுதைகளின் முதுகில் இருந்தவையோ புத்தகங்கள், கையெழுத்துச் சுவடிகள், துணியில் தீட்டிய பழைய சித்திரங்கள்.

இவ்வளவையும் சேர்த்தவர் ராஜா அல்லர். சர்வகலாசாலைப் பேராசிரியரும் அல்லர். உருது மிடில் பரீட்சைக்கு மேல் பள்ளிக்கூடப் படிப்பு இல்லாதவர். சிறு வயதில் வீட்டை விட்டு ஓடிப்போனவர். கையில் காசில்லாமல், பிச்சைக்கார வேஷத்தில் திபெத்துக்குள் நுழைந்தவர். பின்னாளில் ராகுல சாங்கிருத்யாயன் என்று இந்தியா முழுவதும் பெயர் பெற்றவர். வடநாட்டார் அன்போடு அழைப்பது ராகுல்ஜி என்று.

ஊர்சுற்றி என்றால் நம்மவர்களுக்கு அது வசைச் சொல். வேலை வெட்டி இல்லாதவன் என்று பொருள். அந்தச் சொல்லையே பட்டமாகச் சூடிக்கொண்டவர் ராகுல்ஜி. ஆனால் சும்மா சுற்றியவர் அல்லர். ஒரு புத்தகம் அவரை வீட்டை விட்டு வெளியே அனுப்பியது. வேறு சில புத்தகங்களைத் தேடி அவர் மலை ஏறினார். போன இடத்தைப் பற்றியெல்லாம் எழுதி, தமக்குப் பின்னால் அந்த வழியில் வரப்போகிறவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான்.

பாட்டனார் சொன்ன கதைகள்

ராகுல்ஜியின் இயற்பெயர் கேதார்நாத் பாண்டே. உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் ஜில்லாவில், பந்தஹா என்னும் சிற்றூரில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் 1893 ஏப்ரல் 9 அன்று பிறந்தார். தகப்பனார் ஊர் கனைலா. பாரம்பரியமான பிராமண விவசாயக் குடும்பம்.

பாட்டனார் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர். தக்காணப் பக்கமெல்லாம் சுற்றி வந்தவர். வேட்டைக்குப் போனது, தூரதேசத்து நகரங்களைப் பார்த்தது ஆகியவற்றை மாலை வேளைகளில் கதை கதையாகச் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து பேரன் கேட்டுக்கொண்டிருப்பான். எழுத்து தெரியாத பருவத்தில் கிடைத்த முதல் பயணப் புத்தகம் அந்தப் பாட்டனார்தான் என்று சொல்லலாம்.

பிறகு பள்ளிக்கூடத்தில் உருதுப் பாடப் புத்தகம் கைக்கு வந்தது. அதில் ஒரு சிறிய பாட்டு. ஆயுள் ஒருமுறைதான், இளமை அதிலும் கொஞ்சம், இருக்கும்போதே உலகத்தைச் சுற்றிப் பார்த்துவிடு என்பது அதன் கருத்து. எத்தனையோ பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு மறந்திருப்பார்கள். கேதார்நாத் மறக்கவில்லை. தம்மைக் கிளப்பிவிட்டது அந்த இரண்டு வரிதான் என்று பின்னாளில் அவரே பலமுறை எழுதியிருக்கிறார்.

சிறுவனாக இருக்கும்போதே அவருக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். தம்மைக் கேளாமல் நடந்த கல்யாணத்தை அவர் மனம் ஏற்கவில்லை. 1907ல் கல்கத்தாவுக்கு ஓடினார். திரும்பி வந்தார். மறுபடியும் ஓடினார். 1910ல் இமயமலைப் பக்கம் போய்க் கேதார்நாத், பத்ரிநாத் தலங்களைப் பார்த்தார். அதன் பிறகு வீட்டார் அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

திருமழிசையில் ஒரு வடநாட்டுச் சாமியார்

காசியில் சமஸ்கிருதம் படித்தார். பீகாரில் பர்சா என்னும் ஊரில் இருந்த வைஷ்ணவ மடத்தில் சேர்ந்து ராம் உதார் தாஸ் என்ற பெயரில் சாமியார் ஆனார். மடத்துக்கு நிலபுலன்கள் இருந்தன. உட்கார்ந்தபடியே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் 1913ல் தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டார்.

அந்த யாத்திரையில் அவர் தங்கிய ஊர்களில் ஒன்று சென்னைக்கு மேற்கே உள்ள திருமழிசை. திருமழிசை ஆழ்வார் பிறந்த தலம். அங்குள்ள மடத்தில் தங்கிச் சாஸ்திரம் படித்தார். கொஞ்சம் தமிழும் கற்றார். அப்போது அவருக்கு வயது இருபது. எந்த ஊரில் தங்குகிறோமோ அந்த ஊர்ப் பேச்சைக் கற்க வேண்டும் என்பதைக் கடைசிவரை பழக்கமாக வைத்திருந்தார். உருது, சமஸ்கிருதம், அரபி, பாரசீகம், பாலி, சிங்களம், திபெத்திய மொழி, ருஷ்ய மொழி என்று அந்தப் பட்டியல் நீண்டது.

பிழைப்புக்காக மொழி தெரியாத ஊருக்கு வந்து, கடைக்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் தட்டுத்தடுமாறிப் பேசிப் பழகிய நம்மவர்களுக்கு, இதில் உள்ள உழைப்பு எவ்வளவு என்று தெரியும்.

பிறகு ஆரிய சமாஜம் அவரை இழுத்தது. ஆக்ராவிலும் லாகூரிலும் படித்தார். 1921ல் ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் பீகாரில் சப்ரா ஜில்லாவில் காங்கிரஸ் வேலையில் இறங்கினார். பக்ஸர் சிறையில் ஆறு மாதம், ஹசாரிபாக் சிறையில் இரண்டு வருஷம். சிறையில் மற்றவர்கள் நாட்களை எண்ணினார்கள். ராகுல்ஜி படித்தார், எழுதினார்.

இலங்கையில் பிறந்த ஆசை

1927ல் இலங்கைக்குப் போனார். கொழும்புக்கு அருகே களனியில் வித்யாலங்கார பிரிவேனா என்ற பௌத்தக் கல்லூரியில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுக்கும் வேலை. சொல்லிக்கொடுத்துக்கொண்டே பாலி மொழி கற்று, திரிபிடகம் முழுவதையும் படித்தார்.

அப்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. பௌத்தம் பிறந்தது இந்தியாவில். நாளந்தா, விக்ரமசீலா மடங்களில் இருந்த பேராசிரியர்கள் சமஸ்கிருதத்தில் ஏராளமான நூல்கள் எழுதினார்கள். 1200ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அந்த மடங்கள் அழிந்தபோது நூல்களும் அழிந்தன. பெயர் மட்டும் இருக்கிறது, நூல் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் இந்தியப் பண்டிதர்கள் பலர் பனிமலை தாண்டித் திபெத்துக்குப் போயிருந்தார்கள். அவர்களோடு சுவடிகளும் போயிருந்தன. அங்கே அவை திபெத்திய மொழியில் பெயர்க்கப்பட்டன. மூலச் சுவடிகளும் ஏதாவது மடத்து அறையில் தூசி படிந்து கிடக்கக்கூடும்.

பூர்வீக வீட்டில் இல்லாத பத்திரம் தூரத்து உறவினர் வீட்டுப் பெட்டியில் இருக்கும் என்று கேள்விப்பட்டால் மனிதன் என்ன செய்வான்? நேரில் போய்த் தேடுவான். ராகுல்ஜியும் போக முடிவு செய்தார்.

லாசா போன வழி

முடிவு செய்வது சுலபம், போவது கஷ்டம். பிரிட்டிஷ் சர்க்கார், சிறை சென்ற காங்கிரஸ்காரருக்குத் திபெத் போக அனுமதி தராது. நேபாளமும் அந்நாளில் வெளியாருக்குக் கதவு திறக்காத ராஜ்யம். ஆனால் வருஷத்தில் ஒரு முறை, சிவராத்திரிக்குப் பசுபதிநாதர் கோயிலுக்கு வரும் யாத்திரிகர்களை உள்ளே விடுவார்கள். 1929 சிவராத்திரிக் கூட்டத்தோடு கூட்டமாக ராகுல்ஜி நேபாளத்துக்குள் போய்விட்டார். திருவிழா முடிந்து மற்றவர்கள் திரும்பினார்கள். அவர் மறைந்து தங்கினார். இமயமலைப் பக்கத்து பௌத்தனைப்போல் உடை மாற்றிக்கொண்டு வடக்கே நடந்தார். 1926ல் லடாக் போய் வந்த அனுபவம் கைகொடுத்தது.

திபெத்துக்குள் அவருக்குத் துணையாக வந்தவர் சுமதி என்ற மங்கோலியப் பிட்சு. சுமதிக்கு வழியில் ஊருக்கு ஊர் சீடர்கள் உண்டு. புத்தகயையிலிருந்து கொண்டுவந்த துணியைக் கிழித்து முடிந்து காப்புக் கயிறாக அவர்களுக்குக் கொடுப்பார். அந்தத் துணி தீர்ந்துபோனால் வேறு ஏதாவது துணியைக் கிழித்து அதே காப்பைச் செய்வார். இதையெல்லாம் ராகுல்ஜி கேலியும் பிரியமும் கலந்து எழுதியிருக்கிறார்.

அந்தப் பாதையில் கொள்ளையர் பயம் அதிகம். பதினாறு பதினேழாயிரம் அடி உயரமுள்ள கணவாய்களில் மைல் கணக்கில் ஊர் கிடையாது. கொள்ளைக்காரர்கள் முதலில் ஆளைக் கொன்றுவிட்டுப் பிறகுதான் பணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்று பெயர். ராகுல்ஜிக்குப் பிச்சைக்கார வேஷமே கவசம். முரட்டு ஆள் எதிரே வந்தால் தலையிலிருந்து தொப்பியை எடுத்துவிட்டு, அந்த ஊர் மரியாதைப்படி நாக்கை நீட்டி, ஒரு காசு தர்மம் கேட்பார். பிச்சைக்காரனிடம் என்ன இருக்கப்போகிறது என்று அவன் விட்டுவிடுவான்.

திபெத்தில் அவருக்குப் பிடித்துப்போன விஷயம் ஒன்று உண்டு. அங்கே தீட்டு இல்லை. பெண்களுக்குப் பர்தா இல்லை. முன்பின் தெரியாதவன்கூட ஒரு வீட்டுக்குள் போய், தன்னிடமுள்ள தேயிலையை வீட்டு அம்மாளிடம் கொடுத்தால், வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்து டீ தயார் செய்து கொடுத்துவிடுவார்கள்.

103 சுவடிகள்

ஒரு நாள் அவருக்குக் கிடைத்த குதிரை மகா மந்தம். அடிக்க மனமில்லாமல் அது நடந்தபடி நடக்க விட்டார். வழியும் தப்பியது. சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது, முன்னால் போய்க் காத்திருந்த சுமதி கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தார். தம் மேல் தப்பில்லை, குதிரையைப் பாருங்கள் என்று ராகுல்ஜி சமாதானம் சொன்னார். சீக்கிரம் வரும் கோபம் சீக்கிரம் தணிந்தது.

சுமதியோடு இன்னொரு தொல்லை. சீடர்களைப் பார்க்கப் பக்கத்து ஊர்களுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். லாசா போனதும் பணம் தருகிறேன் என்று சொல்லி ராகுல்ஜி அவரை ஒரு முறை தடுத்து நிறுத்தினார்.

பிறகு சேகர் என்ற இடத்துக்கு வந்தார்கள். அங்கே ஒரு கோயில். உள்ளே கஞ்சூர் என்னும் புத்தர் வாக்குத் தொகுதி, கையால் எழுதப்பட்ட 103 பெருஞ்சுவடிகளாக அடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் 15 சேருக்குக் குறையாத எடை. அதாவது சுமார் 14 கிலோ. ராகுல்ஜி அவற்றின் நடுவே உட்கார்ந்துவிட்டார். சுமதி மறுபடியும் சீடர் வீடுகளுக்குப் போக வேண்டும் என்றபோது, இந்தத் தடவை தாராளமாகப் போய் வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். கொள்ளையர் பயம், கால் வலி, வழிச் செலவு எல்லாம் அந்தச் சுவடிகளைக் கண்டதும் மறந்துபோயின.

1929 ஜூலையில் லாசா போய்ச் சேர்ந்தார். இலங்கை நண்பர்கள் புத்தகம் வாங்கப் பணம் அனுப்பினார்கள். தேடித் தேடி வாங்கினார். அவைதான் 1930ல் 22 கோவேறு கழுதைகளின் முதுகில் ஏறி மலை இறங்கின. பெரும் பகுதியைப் பின்னர் பாட்னா மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார்.

அந்த ஆண்டே இலங்கையில் முறைப்படி பௌத்தத் துறவியானார். புத்தரின் மகன் பெயரான ராகுலன் என்பதையும், தம் கோத்திரமான சாங்கிருத்யத்தையும் சேர்த்து ராகுல சாங்கிருத்யாயன் ஆனார்.

1934, 1936, 1938 என்று இன்னும் மூன்று முறை திபெத் போனார். சாக்கியா, ஙோர், ஷாலு முதலிய மடங்களில், அவர் எதிர்பார்த்தபடியே, இந்தியாவில் தொலைந்துபோன சமஸ்கிருத மூலங்கள் பனையோலையில் கிடைத்தன. அவற்றில் முக்கியமானது தர்மகீர்த்தி என்ற பேரறிஞரின் பிரமாணவார்த்திகம் என்னும் தர்க்க நூலும் அதன் உரைகளும். மடத்தார் விற்க மாட்டார்கள். ஆகையால் முடிந்தவற்றைப் போட்டோ எடுத்தார். முடியாதவற்றைக் குளிரில் உட்கார்ந்து கையால் நகல் எழுதினார்.

பிற்காலத்தில், 1960களில், திபெத்தில் ஏராளமான மடங்கள் இடிக்கப்பட்டன. ராகுல்ஜி எடுத்த படங்களின் அருமை அப்போது இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஜெர்மனியில் கட்டிங்கன் சர்வகலாசாலையில்கூட அந்தப் படங்களின் பிரதிகளை வைத்து ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

ரயில் வழி சொன்ன திபெத்தியர்

1934 யாத்திரையில் ராகுல்ஜிக்கு ஒரு திபெத்திய நண்பர் கிடைத்தார். கெந்துன் சோபெல் என்று பெயர். கவிஞர், ஓவியர், பெரிய படிப்பாளி. இருவரும் சேர்ந்து மடம் மடமாகச் சுவடி தேடினார்கள். பிறகு ராகுல்ஜியோடு அவரும் இந்தியா வந்தார். பல வருஷங்கள் இங்கும் இலங்கையிலும் சுற்றினார்.

தம் ஊர்க்காரர்கள் புத்தகயைக்கும் காசிக்கும் வந்து, மொழி தெரியாமல் திண்டாடுவதை அவர் பார்த்தார். 1939ல் அவர்களுக்காகத் திபெத்திய மொழியில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளியிட்டார். எந்தப் புண்ணியத் தலத்துக்கு எந்த ரயிலில் போக வேண்டும், எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. படமும் போட்டிருந்தார். ராகுல்ஜி திபெத் போய் இந்தியர்களுக்குப் புத்தகம் கொண்டுவந்தார். அவரோடு இந்தியா வந்த திபெத்தியர் தம் ஜனங்களுக்குப் புத்தகம் எழுதிக் கொடுத்தார்.

சிறையில் எழுதியது, சிறையில் தமிழானது

ஐரோப்பா, ஜப்பான், கொரியா, ஈரான், சோவியத் நாடு என்று ராகுல்ஜி சுற்றாத திசை இல்லை. துறவு உடையைக் களைந்தார், மார்க்ஸியவாதி ஆனார். 1939ல் பீகார் விவசாயிகளுக்காகப் போராடித் தலையில் அடிபட்டார், சிறை சென்றார். யுத்த காலத்திலும் சர்க்கார் அவரைத் தேவளி முகாமிலும் ஹசாரிபாக் சிறையிலும் அடைத்தது.

ஊர்சுற்றியை ஓர் அறைக்குள் பூட்டினால் என்ன ஆகும்? காலத்துக்குள் சுற்றக் கிளம்பிவிட்டார். ஹசாரிபாக் சிறையில் அவர் எழுதியதுதான் வால்கா நதிக்கரையில் தொடங்கிக் கங்கைச் சமவெளியில் முடியும் 20 கதைகள். கி.மு. 6000 முதல் 1942 வரை மனித கூட்டம் நடந்து வந்த பாதையைச் சொல்லும் நூல்.

அந்த நூல் தமிழுக்கு வந்த விதமும் சுவையானது. பர்மாவில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றிச் சிறைப்பட்டவர் கண. முத்தையா. சிறையில் இருந்தபோது அவர் இதைத் தமிழில் பெயர்த்தார். சிறையில் எழுதிய நூல் இன்னொரு சிறையில் தமிழாயிற்று. 'வால்காவிலிருந்து கங்கை வரை' என்ற பெயரில் 1949ல் வெளிவந்து, பதிப்புக்கு மேல் பதிப்பு கண்டது. தொழிற்சங்க அலுவலகங்களிலும் படிப்பகங்களிலும் அட்டை கிழியும்வரை கை மாறிய புத்தகம் அது.

ஊர்சுற்றிக்கு ஒரு சாஸ்திரம்

1940களின் இறுதியில் ராகுல்ஜி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். 'குமக்கட் சாஸ்திரம்' என்று பெயர். தமிழில் 'ஊர்சுற்றிப் புராணம்' என்ற பெயரில் வந்திருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பத் துடிக்கும் இளைஞனுக்கு, கிளம்பிப் பார்த்த பெரியவர் சொல்லும் யோசனைகள் அதில் அடங்கியிருக்கின்றன.

உலகத்தில் ஊர்சுற்றலைவிட மேலான தர்மம் இல்லை என்பது அவர் கட்சி. புத்தரும் மகாவீரரும் சங்கரரும் குருநானக்கும் ஊர்சுற்றிகள்தாம் என்கிறார். கப்பலேறிச் சுற்றியிராவிட்டால் டார்வின் தம் நூலை எழுதியிருக்க முடியாது என்கிறார்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஓடச் சொல்லவில்லை. முதலில் படி என்கிறார். படிப்பு முடியாமல் சிறுவயதில் கிளம்பாதே. பூகோளமும் சரித்திரமும் தெரிந்துகொள். தேசப்படம் பார்க்கக் கற்றுக்கொள். எந்த நாட்டுக்குப் போகிறாயோ, அந்த நாட்டைப் பற்றி முன்னால் போனவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் போ.

புத்தகத்தின் எல்லை எது என்பதையும் அவர் மறைக்கவில்லை. தேவதாரு மரக் காட்டை போட்டோவில் பார்ப்பவனுக்கு அதன் வாசனை வராது. பயண நூல் படிப்பவன் நிலையும் அப்படித்தான் என்கிறார். இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்திருப்பவனை எழுப்பி நடக்கவைக்கும் சக்தி அந்த நூலுக்கு உண்டு என்கிறார். அவரையே எழுப்பியது ஒரு பாடப் புத்தகத்து இரண்டு வரி அல்லவா?

அடுத்து, கையில் தொழில் வேண்டும். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது. முடி வெட்டத் தெரிந்தவன் எந்த ஊரிலும் பட்டினி கிடக்க மாட்டான். போட்டோ எடுக்கத் தெரிந்தால் நல்லது. கொஞ்சம் வைத்தியம் தெரிந்தால் இன்னும் நல்லது. சங்கீதத்தில் புல்லாங்குழல் போதும், தூக்கிப்போக லேசானது. எந்த வேலையையும் கேவலமாக நினைக்காதே. சுமை தூக்கப் பழகு.

ஜாதியில் தாழ்த்தப்பட்டவர்களும் பெண்களும் தாராளமாகக் கிளம்பலாம் என்று அவர்களுக்குத் தனித்தனி அத்தியாயமே எழுதினார். அந்த நாளில் பெண் தனியே பயணம் போகலாம் என்று எழுதத் துணிச்சல் வேண்டும்.

கடைசியாக, எழுது என்கிறார். பார்த்ததைத் தினமும் குறித்துவை. உனக்குப் பின்னால் வருகிறவனுக்கு அது வழித்துணை.

மலை வழிப் புத்தகங்கள்

ஊருக்குச் சொன்னதைத் தாமும் செய்தார். லடாக், திபெத், ஐரோப்பா, ஜப்பான், ருஷ்யா என ஒவ்வொரு யாத்திரைக்கும் ஒரு நூல். இமயமலையையே பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டு கார்வால், குமாவோன், டார்ஜிலிங், கின்னௌர் பற்றியெல்லாம் எழுதினார். மக்கள், மொழி, சரித்திரம், திருவிழா, கோயில், போகும் வழி என்று எல்லாம் உண்டு. அதற்கு முன் மலைப்பிரதேசத்தைப் பற்றி விவரமாகப் படிக்க விரும்பியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகள் ஆங்கிலத்தில் எழுதிய கெஜட்டியர்களைத்தான் நாட வேண்டும். இந்தி மட்டுமே தெரிந்த யாத்திரிகனும் பள்ளி ஆசிரியரும் படிக்கும்படி எழுதியது ராகுல்ஜியின் தொண்டு.

மொத்தம் நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள். மத்திய ஆசியாவின் சரித்திரம் பற்றிய நூலுக்கு 1958ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. லாசா யாத்திரையின் ஒரு பகுதி வடமாநிலப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு இந்திப் பாடமாகப் பல ஆண்டுகள் இருந்தது. சுமதியின் கோபமும் மந்தக் குதிரையும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கலாம்.

கொடுத்த விலை

இவ்வளவு பெருமைக்கும் ஒரு விலை இருந்தது. அதை அவர் மட்டும் கொடுக்கவில்லை, மற்றவர்களும் கொடுத்தார்கள்.

சிறுவயதில் மணமுடித்த பெண்ணோடு அவர் ஒருநாளும் குடும்பம் நடத்தவில்லை. ஐம்பது வயது ஆகும்வரை ஆசம்கர் ஜில்லாவுக்குள் காலடி வைப்பதில்லை என்று விரதம் எடுத்து, 1943ல்தான் சொந்த ஊரைப் பார்த்தார். அவருடைய விரதத்தை உலகம் பாராட்டியது. அந்தப் பெண்ணின் காத்திருப்பைப் பாராட்ட யாரும் இல்லை.

லெனின்கிராடில் லோலா என்ற மங்கோலிய மொழி அறிஞரை மணந்தார். 1938ல் மகன் இகோர் பிறந்தான். யுத்தம் குறுக்கிட்டதால் மகனைத் தகப்பன் பார்ப்பதற்கே வருஷங்கள் ஆயின. 1945ல் போய் இரண்டு வருஷம் லெனின்கிராடில் ஆசிரியராக இருந்தார். 1947ல் இந்தியா திரும்பினார். அவர்கள் அங்கேயே இருந்தார்கள். பிறகு கமலா என்ற பெண்மணியை மணந்து, அறுபது வயதை ஒட்டி மீண்டும் குழந்தைகளுக்குத் தகப்பனார் ஆனார்.

ஊர்சுற்றிக்குக் கால்கட்டு கூடாது என்று சாஸ்திரம் எழுதியவர் அவர். அந்த வாதத்தின் மறுபக்கம் இந்தப் பெண்களின் வாழ்க்கையில் இருக்கிறது. மணியார்டருக்கும் கடிதத்துக்கும் காத்திருந்த வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்காக வீட்டை விட்டு வந்தவர்கள் அவர்கள். ராகுல்ஜியோ வீடே வேண்டாம் என்று கிளம்பியவர். இரண்டும் ஒன்றல்ல. அவருடைய துணிவை வியக்கலாம்; எல்லாவற்றையும் பின்பற்ற வேண்டியதில்லை.

கடைசி நாட்கள்

1959ல் மீண்டும் இலங்கை போய், சர்வகலாசாலையாக உயர்ந்திருந்த அதே வித்யாலங்காரத்தில் பேராசிரியர் ஆனார். அவரிடம் பட்டம் இல்லை. இருந்தாலும் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது.

1961 டிசம்பரில் பக்கவாதம் தாக்கியது. அதோடு ஞாபகம் போயிற்று. இத்தனை மொழிகளையும் ஆயிரக்கணக்கான சுவடிப் பெயர்களையும் தாங்கிய தலை வெறுமையாயிற்று. அவர் எழுதிய நூல்கள் அலமாரியில் இருந்தன. எழுதியவருக்கு அவை நினைவில்லை. சிகிச்சைக்காகச் சோவியத் நாட்டுக்கு அழைத்துப் போனார்கள். முழுக் குணம் ஏற்படவில்லை. 1963ல் சர்க்கார் பத்மபூஷண் விருது அளித்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று, இமயத்தின் மடியில், டார்ஜிலிங்கில் காலமானார். வயது 70.

ஞாபகம் எவ்வளவு பெரியதானாலும் ஒருநாள் போய்விடும் என்பதற்கு அவருடைய கடைசி ஒன்றரை வருஷம் சாட்சி. போகாமல் நின்றது அவர் எழுதி வைத்ததும், கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுவந்ததும்தான்.

திபெத்துக்குப் போக எல்லோராலும் முடியாது. ஆனால் வாரத்தில் ஒருநாள் லீவில் பக்கத்து மலைக்கோ குகைக்கோ கோட்டைக்கோ போய்வரலாம். போகும் முன் அதைப் பற்றி ஒரு புத்தகம் படிக்கலாம். போய் வந்ததை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். ராகுல்ஜியின் நூல்களைத் தமிழிலும் படிக்கலாம்; வடக்கே வந்து இந்தி பழகியவர்கள் மூலத்திலேயே படிக்கலாம், கடினமில்லாத நடைதான். படித்து முடித்ததும் அதை அலமாரியில் பூட்டி வைக்காமல், அடுத்து ரயில் ஏறப்போகும் நண்பர் கையில் கொடுத்தனுப்புங்கள். அவருக்குச் செய்யும் அஞ்சலி அதுவாக இருக்கட்டும்.